எண்ணெயை மாற்றினால் சோடாவையும் மாற்றுங்கள்

தீபாவளி முடிந்த வாரத்தில் ஜெலுத்தோங் வட்டாரத்து அடுக்குமாடி வீடுகளில் ஒரு காட்சி தவறாமல் இருக்கும். முறுக்கும் அதிரசமும் சுட்ட எண்ணெய் கறுத்துப்போய், ஒரு பெரிய டப்பாவில், சமையலறை மூலையில் உட்கார்ந்திருக்கும். கொட்ட மனம் வராது. மறுபடி பொரிக்கவும் பயம். கடைசியில் அது பாத்திரம் கழுவும் தொட்டி வழியாகக் கால்வாய்க்குப் போய், அங்கிருந்து பினாங்கு ஆற்றையும் கடலையும் தேடிப் போகும். போகிற வழியில் குழாய்க்குள் கொழுப்பு உறைந்து அடைத்துக்கொண்டால், மேல்வீட்டாருக்கும் கீழ்வீட்டாருக்கும் வாய்ச்சண்டை வருவதும் உண்டு.

இந்த எண்ணெயில் சவர்க்காரம் செய்யலாம் என்பது பலரும் கேள்விப்பட்ட செய்திதான். செய்து பார்க்கிறவர்களும் பெருகியிருக்கிறார்கள். எங்கிருந்தோ ஒரு செய்முறை கையில் கிடைக்கிறது. அதில் ஆலிவ் எண்ணெய் என்று போட்டிருக்கும். ஆலிவ் விற்கிற விலைக்கு யார் வாங்குவது? வீட்டில் இருக்கிற எண்ணெயை ஊற்றுகிறார்கள். தேங்காய் எண்ணெய் என்று போட்டிருந்தால் அதற்கும் ஒரு மாற்று. சாம்பாரில் முருங்கைக்காய் இல்லையென்றால் கத்தரிக்காய் போடுவதில்லையா, அதுபோல.

ஆனால் சவர்க்காரம் சாம்பார் இல்லை. எண்ணெயை மாற்றிவிட்டுக் காஸ்டிக் சோடாவின் அளவை மாற்றாமல் விட்டால், கட்டி பார்க்க அழகாக இருக்கும், கையில் எடுத்துத் தேய்த்தால் எரியும். அதைக் குழந்தைக்குப் போட்டுக் குளிப்பாட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஒவ்வோர் எண்ணெய்க்கும் ஒரு கணக்கு

எண்ணெயும் காரமும் ஒன்றையொன்று தின்று தீர்ப்பதால் பிறப்பதுதான் சவர்க்காரம். காஸ்டிக் சோடா, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு, எண்ணெயை உடைக்கிறது. உடைந்த கொழுப்பு அமிலம் சோடியத்தோடு சேர்ந்து சவர்க்காரம் ஆகிறது. கூடவே கிளிசரின் பிரிகிறது. கணக்கு சரியாக இருந்தால் முடிவில் காரம் துளியும் மிச்சம் இருக்காது. "சோடா போட்ட சவர்க்காரமா, ஐயோ!" என்று பயப்படுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கடையில் விற்கும் சவர்க்காரக் கட்டியும் காரம் இல்லாமல் வந்ததில்லை.

ஒரு கிலோ எண்ணெயை முழுதாகச் சவர்க்காரம் ஆக்க எவ்வளவு காஸ்டிக் சோடா வேண்டும்? இது எண்ணெய்க்கு எண்ணெய் மாறும். தேங்காய் எண்ணெய்க்குச் சுமார் 183 கிராம். செம்பனை விதை எண்ணெய்க்கு 176. நாம் அன்றாடம் பொரிக்கப் பயன்படுத்தும் செம்பனை எண்ணெய்க்கு 141. ஆலிவ், சூரியகாந்தி இரண்டுக்கும் 135. நல்லெண்ணெய்க்கு 134. விளக்கெண்ணெய்க்கு 128.

எல்லாம் எண்ணெய்தானே, ஏன் இந்த வேறுபாடு? ஜெலுத்தோங் சந்தையில் ஒரு கிலோ நெத்திலியும் ஒரு கிலோ கானாங்கெளுத்தியும் வாங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். எடை ஒன்றுதான். நெத்திலியில் நூற்றுக்கணக்கான மீன்கள், கானாங்கெளுத்தியில் விரல்விட்டு எண்ணிவிடலாம். மீனுக்கு ஒரு சிட்டிகை உப்பு என்று கணக்கு வைத்தால் நெத்திலிக்குத்தான் உப்பு அதிகம் செலவாகும். தேங்காய் எண்ணெயில் பாதியளவு இருக்கும் லாரிக் அமிலம் நெத்திலி போல, சிறியது. செம்பனையிலும் ஆலிவிலும் இருப்பவை பெரிய மீன்கள். ஆகவே தேங்காய் எண்ணெய் காரத்தை அதிகம் தின்கிறது.

இந்த எண்களை ஒரு தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டால் போதும், எந்தச் செய்முறையையும் கைக்குக் கிடைக்கும் எண்ணெய்க்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். குளியல் சவர்க்காரத்துக்கு நம் நாட்டில் எளிதாகக் கிடைக்கும் கலவை இது: செம்பனை எண்ணெய் 700 கிராம், தேங்காய் எண்ணெய் 250 கிராம், விளக்கெண்ணெய் 50 கிராம். செம்பனைக்கு 98.7 கிராம் சோடா, தேங்காய்க்கு 45.75, விளக்கெண்ணெய்க்கு 6.4. கூட்டினால் ஏறக்குறைய 151 கிராம். இதை அப்படியே போடக்கூடாது. நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்து, 143 கிராம் போட வேண்டும். அந்த ஐந்து விழுக்காடுதான் பாதுகாப்பு வேலி. கொஞ்சம் எண்ணெய் சவர்க்காரமாகாமல் மிஞ்சும், அது தோலுக்கும் நல்லது. தண்ணீர் சோடாவைப்போல் இரண்டு பங்கு, அதாவது 286 கிராம்.

இப்போது தேங்காய் எண்ணெய் கைவசம் இல்லை, அதற்குப் பதில் 250 கிராம் சூரியகாந்தி எண்ணெயை ஊற்றுகிறீர்கள், சோடா மட்டும் அதே 143 கிராம் என்று வைத்துக்கொள்வோம். புதிய கலவை மொத்தமாகத் தின்னக்கூடிய சோடா 139 கிராம்தான். நான்கு கிராமுக்கு மேல் காரம் அனாதையாகக் கட்டிக்குள் நிற்கும். நான்கு கிராம்தானே என்று நினைக்க வேண்டாம். தோலை எரிக்க அது தாராளம். வேலியும் போயிற்று, வெள்ளமும் உள்ளே வந்தாயிற்று. சரியான அளவு 132 கிராம்.

இதுவே செம்பனை விதை எண்ணெயை மாற்றாக ஊற்றியிருந்தால் சோடா ஒன்றரை கிராம்தான் குறையும். தேங்காய்க்கும் செம்பனை விதைக்கும் அவ்வளவு நெருங்கிய உறவு. இரண்டிலும் லாரிக் அமிலம் ஏராளம், இரண்டும் நன்றாக நுரைக்கும். தேங்காய்க்கு மெய்யான மாற்று இது ஒன்றுதான்.

தலைகீழாகத் தவறு நடந்தால், அதாவது செம்பனைக்குக் கணக்குப் போட்டுவிட்டுத் தேங்காய் எண்ணெயை ஊற்றிவிட்டால், ஆபத்து இல்லை. எண்ணெய் மிஞ்சும், கட்டி பிசுபிசுக்கும், சில மாதங்களில் சிக்கு வாடை அடிக்கும். அவ்வளவுதான்.

எந்த எண்ணெய் என்ன தரும்?

சோடா கணக்கு சரியாக இருந்தாலும் எண்ணெய் மாறினால் சவர்க்காரத்தின் குணமும் மாறும். தேங்காய் எண்ணெய் நுரை தரும், கட்டியை இறுக்கும், அழுக்கையும் நன்றாக எடுக்கும். அதிகமானால் தோலில் இருக்கும் இயற்கை எண்ணெயையும் சேர்த்து எடுத்துவிடும். மொத்த எண்ணெயில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது. செம்பனை எண்ணெய் கட்டிக்கு உடல் வலு மாதிரி. நுரை குறைவு, ஆனால் சீக்கிரம் கரையாது. ஆலிவ் மென்மையானது, இறுகுவதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நல்லெண்ணெயும் சூரியகாந்தியும் கட்டியை இளக்கும், சீக்கிரம் சிக்கு வாடையும் வரும். பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

விளக்கெண்ணெய் நூற்றுக்கு ஐந்து பங்கு இருந்தால் நுரை நின்று பேசும். இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. "அண்ணே, விளக்கெண்ணெய் இருக்கா?" என்று கடையில் கேட்டால், சாமி விளக்குக்கு ஊற்றும் எண்ணெய்ப் போத்தலை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். நம் பாட்டிமார் வயிற்றைச் சுத்தம் செய்யக் கொடுத்த விளக்கெண்ணெய் ஆமணக்கு விதையிலிருந்து வருவது. விளக்கேற்ற விற்கும் எண்ணெய் அது இல்லை. அதில் பல எண்ணெய்கள் கலந்திருக்கும், சிலவற்றில் பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் கனிம எண்ணெயும் இருக்கக்கூடும். கனிம எண்ணெய் காரத்தோடு சேரவே சேராது. எவ்வளவு கிண்டினாலும் எண்ணெயாகவே நிற்கும், அதற்கென்று போட்ட சோடாவும் அப்படியே நிற்கும். ஆகவே ஆமணக்கு எண்ணெய் என்று கேட்டு, லேபிளைப் படித்து வாங்குங்கள்.

லேபிளைப் படிப்பது என்றதும் பினாங்கு மக்களுக்குப் பயனீட்டாளர் சங்கம் நினைவுக்கு வரும். மஸ்ஜித் நெகிரி சாலையில் இயங்கும் பினாங்கு பயனீட்டாளர் சங்கம், 2019ஆம் ஆண்டு மறைந்த எஸ்.எம்.முகமது இத்ரிஸ் தலைமையில், வாங்கும் பொருளில் என்ன இருக்கிறது என்று கேட்கும் பழக்கத்தைப் பல்லாண்டு காலம் மக்களுக்கு ஊட்டியது. கடைச் சவர்க்காரத்தின் உறையில் 'சோடியம் டேலோவேட்' என்று இருந்தால் அது விலங்குக் கொழுப்பு, பெரும்பாலும் மாட்டுக் கொழுப்பு. 'சோடியம் பாமேட்' என்றால் செம்பனை. 'சோடியம் கோகோயேட்' என்றால் தேங்காய். வீட்டிலேயே சவர்க்காரம் செய்ய நம் குடும்பங்கள் விரும்புவதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

மாட்டுக் கொழுப்புக்கும் செம்பனை எண்ணெய்க்கும் வேண்டிய சோடா கிட்டத்தட்ட ஒன்றே என்பது சுவையான செய்தி. இரண்டும் தரும் கட்டியும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். வெளிநாட்டுச் செய்முறையில் மாட்டுக் கொழுப்பு என்று இருந்தால் அந்த இடத்தில் தயங்காமல் செம்பனையைப் போடலாம். சவர்க்காரத் தொழிலும் இதே வழியில்தான் நடந்தது. 1884இல் இங்கிலாந்தில் லீவர் சகோதரர்கள் கொண்டுவந்த சன்லைட் சவர்க்காரத்தில் பெரும்பகுதி தாவர எண்ணெய். மலாயாவில் 1917இல் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் செம்பனை வணிகப் பயிராக நடப்பட்டது. ரப்பர் வெட்டிய கைகள் பின்னாளில் செம்பனைக் குலை வெட்டின. அந்தக் குலையின் எண்ணெய்தான் இன்று உலகம் முழுவதும் குளியலறைகளில் நுரைக்கிறது.

சோடாவுக்கு மாற்று உண்டா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. காஸ்டிக் சோடா பயமாக இருக்கிறது, பேக்கிங் சோடா போட்டால் என்ன? போடலாம், சவர்க்காரம்தான் வராது. அது வலுக் குறைந்த காரம். எண்ணெயை உடைக்கும் சக்தி அதற்கு இல்லை. துணி துவைக்கும் வாஷிங் சோடாவும் வீட்டுப் பக்குவத்தில் அந்த வேலையைச் செய்யாது. கிண்டி வைத்துவிட்டுக் காலையில் பார்த்தால் எண்ணெய் மேலே, தண்ணீர் கீழே. ஊர்ப்பக்கம் சலவைத் தொழிலாளர்கள் உவர்மண் போட்டு வெள்ளாவி வைத்தார்கள். அது அழுக்கை எடுக்கும் கலை, சவர்க்காரம் செய்யும் கலை அன்று. விறகுச் சாம்பலிலும் காரம் உண்டு. அதை வலுவாக்கச் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும், அதன் அளவைக் கண்டுபிடிப்பது வீட்டில் ஆகிற காரியம் இல்லை.

பொட்டாசியம் ஹைட்ராக்சைடு இன்னொரு காரம். அதைப் போட்டால் திரவச் சவர்க்காரம் வரும், கட்டி வராது. அளவும் வேறு. 100 கிராம் காஸ்டிக் சோடா வேண்டிய இடத்தில் சுத்தமான பொட்டாசியம் ஹைட்ராக்சைடு 140 கிராம் வேண்டும். கடையில் கிடைப்பது பெரும்பாலும் தொண்ணூறு விழுக்காட்டுச் சுத்தம் என்பதால் 156 கிராம் வரை போகும்.

சாக்கடை அடைப்பு நீக்கும் தூளும் காஸ்டிக் சோடாதானே என்று எடுத்துப் போடுவது மகா தவறு. அவற்றில் சிலவற்றில் அலுமினியத் துகள் கலந்திருக்கும். காரமும் அலுமினியமும் சேர்ந்தால் எளிதில் தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயு கிளம்பும். அதே காரணத்துக்காக அலுமினியச் சட்டியும் கரண்டியும் இந்த வேலைக்கு ஆகாது. எவர்சில்வர் பாத்திரம் போதும். ஒருமுறை இதற்கு எடுத்த பாத்திரத்தை மறுபடி சமையலுக்கு எடுக்காதீர்கள்.

சோடா டப்பாவை இறுக மூடி வைப்பதும் முக்கியம். பினாங்கின் ஈரக்காற்றில் திறந்து கிடந்தால் அது தண்ணீரை உறிஞ்சிக் கட்டிதட்டும், எடை ஏறும், வீரியம் குறையும். பிறகு எந்தக் கணக்கும் செல்லாது.

பொரித்த எண்ணெய்

இப்போது அந்தத் தீபாவளி டப்பாவுக்கு வருவோம். பலமுறை சூடான எண்ணெய் ஏற்கெனவே கொஞ்சம் உடைந்திருக்கும். நிறம், வாடை, மாவுத் தூள், உப்பு எல்லாம் அதில் கிடக்கும். மெல்லிய துணியில் இரண்டுமுறை வடிகட்டி, சம அளவு தண்ணீர் சேர்த்துக் குலுக்கி, ஓர் இரவு தெளியவிட்டு, மேலே நிற்கும் எண்ணெயை மட்டும் எடுக்க வேண்டும். அதில் நீர்த்துளி இல்லாமல் மிதமாகச் சூடுகாட்டி ஆறவைக்கலாம்.

ஒரு கிலோவுக்கு 135 கிராம் சோடா, 270 கிராம் தண்ணீர் போதும். வெளுப்பும் நுரையும் வேண்டுமென்றால் 800 கிராம் பொரித்த எண்ணெயோடு 200 கிராம் புதுத் தேங்காய் எண்ணெய் சேர்த்து, சோடாவை 143 கிராமாக்குங்கள். இந்தச் சவர்க்காரம் துணிக்கும் தரைக்கும் எண்ணெய்ப் பாத்திரத்துக்கும் அருமையானது. முகத்துக்கு வேண்டாம். என்னென்ன பொரித்தோம், எத்தனை தடவை பொரித்தோம் என்று யாருக்கு நினைவிருக்கும்? மீன் பொரித்த எண்ணெய் என்றால் எத்தனை செராய் எண்ணெய் ஊற்றினாலும் மீன் மீன்தான்.

நாலைந்து கிலோவுக்கு மேல் சேர்ந்துவிட்டால் பழைய எண்ணெய் வாங்குகிறவர்களிடம் விற்றுவிடுவதே உத்தமம். எரிபொருள் தயாரிக்க அது போகிறது. அவ்வளவு சவர்க்காரத்தை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் என்ன செய்யும்?

பால், எலுமிச்சை, செம்பருத்தி

தண்ணீருக்குப் பதில் பால் ஊற்றலாமா? ஊற்றலாம், ஆனால் பனிக்கட்டியாக உறையவைத்து. சோடா கரையும்போது வெப்பம் 80 பாகையைத் தாண்டும். பாலில் இருக்கும் சர்க்கரை கருகி, நாற்றமடிக்கும். தேங்காய்ப்பாலும் அப்படியே. தேங்காய்ப்பாலில் இருக்கும் எண்ணெய் கணக்கில் வராத எண்ணெய் என்பதால் கட்டி சற்று மென்மையாகும், தீங்கில்லை.

எலுமிச்சைச் சாறு வேறு கதை. அது அமிலம். பத்து கிராம் சிட்ரிக் அமிலம் ஆறு கிராம் சோடாவைத் தின்றுவிடும். தண்ணீர் முழுவதற்கும் பதிலாகச் சாற்றை ஊற்றினால் பத்து கிராம் அளவுக்குச் சோடா வீணாகும், கட்டி கொழகொழக்கும். எலுமிச்சையின் குணமும் கட்டியில் மிஞ்சாது. மணம் வேண்டுமானால் செராய் எண்ணெய் ஒரு கிலோவுக்கு 20 கிராம் போதும். கிராம்பு எண்ணெயைப் புதியவர்கள் தவிர்க்க வேண்டும். கலவை திடீரென்று கரண்டியோடு இறுகிவிடும், தோலுக்கும் உறுத்தும்.

நிறத்தில்தான் ஏமாற்றம் அதிகம். செம்பருத்தியின் சிவப்பு காரத்தில் பழுப்பாகும். சங்குப்பூவின் நீலம் நிற்காது. பாண்டான் இலையின் பச்சை சில நாளில் மங்கிவிடும். மஞ்சள் போட்டால் முதலில் சிவக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்கிறதே, அதே வேதியியல்தான். நாள் போகப்போக மங்கிய மஞ்சளாக வந்து நிற்கும். ஒரு கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி போதும், அதிகமானால் துண்டில் கறை ஒட்டும். கோலப்பொடி நிறங்களைத் தயவுசெய்து தொடாதீர்கள். வேப்பிலையும் குப்பைமேனியும் சேர்ப்பவர்கள் மனநிறைவுக்காகச் சேர்க்கலாம். சொறி சிரங்குக்கு மருந்து என்று நினைத்து மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடக்கூடாது.

செய்யும்போதும் செய்த பிறகும்

எல்லாவற்றையும் எடையில் அளக்க வேண்டும். குவளைக் கணக்கு இங்கே எடுபடாது. ஒரு கிராம் காட்டும் மின்னியல் தராசு இல்லாவிட்டால் இந்த வேலையையே தொடங்க வேண்டாம். கையுறை, கண்ணாடி, முழுக்கைச் சட்டை, திறந்த சன்னல் ஆகியவை கட்டாயம். சோடாவைத்தான் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் சீறித் தெறிக்கும். தோலில் பட்டால் உடனே குழாயைத் திறந்து கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவுங்கள், காடியைத் தேடி ஓட வேண்டாம். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்கு ஆள் ஏற்பாடு செய்யுங்கள். பிள்ளைகள் பள்ளிக்குப் போன நேரமே இதற்கு நல்ல நேரம்.

கார நீர் ஆறி வெதுவெதுப்பானதும் எண்ணெயில் ஊற்றிக் கலக்க வேண்டும். தோசை மாவு பதம் வந்ததும் அச்சில் ஊற்றி, மறுநாளோ அதற்கு மறுநாளோ வெட்டலாம். குளிர்நாட்டுச் செய்முறைகள் நான்கு வாரம் காயவிடச் சொல்லும். இங்கே ஆறு வாரம் வையுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் கிளிசரின் நீரை இழுத்து, கட்டியின் மேல் வியர்வைபோல் துளிகள் நிற்கும். மின்விசிறி ஓடும் அறையில், இடைவெளி விட்டு அடுக்கினால் சரியாகும்.

விற்கும் எண்ணம் இருந்தால் அது வேறு பாதை. குளியல் சவர்க்காரம் நம் நாட்டுச் சட்டப்படி அழகுசாதனப் பொருள். விற்பதற்கு முன் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பிடம் முறைப்படி அறிவிக்கை செய்ய வேண்டும். அண்டை வீட்டாருக்குத் தட்டில் வைத்துக் கொடுப்பதோடு பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள்.

கொடுப்பதற்கு முன் சோதியுங்கள். நனைத்த கட்டியில் பி.எச். தாளை ஒட்டிப் பார்த்தால் 9 முதல் 10 வரை காட்ட வேண்டும். 12ஐ நெருங்கினாலோ, வெட்டிய இடத்தில் வெள்ளைப் படிகங்களோ நீர்ப்பைகளோ தெரிந்தாலோ காரம் மிஞ்சியிருக்கிறது என்று பொருள். தூக்கி எறிய வேண்டியதில்லை. கையுறை போட்டுக்கொண்டு கட்டிகளைத் துருவி, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, மெல்லிய சூட்டில் இளக்கி, எண்ணெய் சேர்த்துக் கிண்டி மறுபடி அச்சில் ஊற்றலாம். மிஞ்சிய ஒவ்வொரு கிராம் சோடாவுக்கும் ஏழு கிராம் செம்பனை எண்ணெய் வேண்டும். மேலே சொன்ன சூரியகாந்திக் கலவையைக் காப்பாற்ற 29 கிராம் எண்ணெய், பாதுகாப்பு வேலிக்காக இன்னொரு 50 கிராம்.